குட்டி வந்தது, மூத்தது முறைத்தது

வளர்ப்புப் பிராணிகள்: கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நாய்க்கு இடமே இல்லை. கட்டு முழுக்கப் பூனை. அதிலும் பல கடிதங்களில் ஒரே புலம்பல்: வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை, இரக்கப்பட்டுத் தூக்கி வந்த குட்டி ஒன்று, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற குடும்பம். விவரமாக எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கு நீண்ட பதிலும் மற்றவற்றுக்குச் சுருக்கமான பதில்களும் கால்நடை மருத்துவரிடம் பெற்று இங்கே தரப்படுகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் மீனு என்று ஏழு வயதுப் பெண் பூனை இருக்கிறாள். கருத்தடை செய்தாயிற்று. போன வாரம் என் மகள் டியூஷன் முடிந்து வரும்போது, குப்பைத்தொட்டி ஓரம் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிட்டாள். இரண்டு மாதம் இருக்கும். பழகட்டும் என்று ஹாலில் மீனுவின் எதிரிலேயே இறக்கிவிட்டோம். மீனு சீறினாள், ஓங்கி ஓர் அறை வைத்தாள், பீரோ மேல் ஏறினாள். அன்று முழுக்க இறங்கவில்லை. இப்போதும் குட்டியைக் கண்டாலே உறுமல். சாப்பாடு பாதியாகிவிட்டது. "இரண்டில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார் மாமியார். இரண்டும் ஒட்டுமா டாக்டர்? (கோவை வாசகி)

பதில்: பெரும்பாலும் ஒட்டும். மாமியாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். ஆனால் ஹாலில் நடந்த அந்த முதல் சந்திப்பைக் கணக்கில் எடுக்காமல், இரண்டையும் பிரித்து வைத்து, அறிமுகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மீனுவுக்குப் பொறாமை என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். விஷயம் அதைவிடப் பழையது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் வாழ்ந்த அந்த இனத்திலிருந்துதான் உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் கிளைத்தன என்று 2007-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அது தனியாக வேட்டையாடும் பிராணி. பிடிக்கிற எலி ஒரு வயிற்றுக்கே சரியாக இருக்கும். பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தனக்கென்று ஓர் எல்லை, அதற்குள் இன்னொன்று நுழைந்தால் விரட்டு, விரட்ட முடியாவிட்டால் விலகிப் போ. இதுதான் அதன் சட்டம். கூட்டமாக வாழ்ந்த ஓநாய் வழி வந்த நாய்களுக்குச் சண்டைக்குப் பின் சமாதானம் பேச ஏகப்பட்ட வழிகள் உண்டு. பூனையிடம் அந்தச் சரக்கு குறைவு. ஒருமுறை முறைத்துக்கொண்டால் அது தானாக ஆறும் என்று சொல்ல முடியாது.

எனவே பீரோ மேல் ஏறியது மீனு செய்த மிகச் சரியான காரியம். சீறியதும் அப்படியே. சீறல் என்பது "கிட்டே வராதே" என்ற அறிவிப்பு. அடிதடி வராமல் தடுக்கத்தான் பூனை சீறுகிறது. அதற்காக மீனுவை அதட்டினால், குட்டி வரும்போதெல்லாம் தனக்குத் திட்டு விழுகிறது என்பது மட்டும்தான் அவளுக்குப் புரியும். சிலர் தண்ணீர் தெளிப்பார்கள். அதுவும் வேண்டாம்.

முதல் சந்திப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காப்பகத்திலிருந்து பூனை எடுத்துப்போய், ஏற்கெனவே பூனை உள்ள வீட்டில் விட்டவர்களிடம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேர் தொடக்கத்தில் பிறாண்டலும் கடியும் இருந்ததாகச் சொன்னார்கள். பூனையின் வயதோ, ஆணா பெண்ணா என்பதோ, வீட்டின் அளவோ பிற்பாடு நடந்த சண்டைகளோடு பெரிதாகத் தொடர்புபடவில்லை. முதல் சந்திப்பு எப்படி அமைந்தது என்பது தொடர்புபட்டது. "விட்டுவிடு, அதுகளே தீர்த்துக்கொள்ளும்" என்று அக்கம்பக்கத்தில் தரப்படும் யோசனையை ஒதுக்க இந்த ஒரு தகவல் போதும்.

இனி செய்ய வேண்டியவை. முதல் வேலை பழக்குவது அல்ல, மருத்துவரிடம் காட்டுவது. தெருவிலிருந்து வந்த குட்டி எதையெல்லாம் சுமந்து வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் பயங்கரமானது பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய். நாய்க்கு வரும் பார்வோவின் நெருங்கிய சொந்தம். வாந்தி, பேதி, சோர்வு என்று தொடங்கி, தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். கிருமி வீட்டில் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். அடுத்தது லுக்கேமியா வைரஸ். எச்சில் மூலம், ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதன் மூலம் பரவும். எய்ட்ஸ் போன்ற எஃப்.ஐ.வி. கடியில் பரவும். இரண்டையும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கும் உடனடிச் சோதனை இருக்கிறது. படர்தாமரை, காதுச் செள்ளு, தெள்ளுப்பூச்சி, வயிற்றுப் புழு ஆகியவை தெருக்குட்டிகளிடம் சர்வசாதாரணம். படர்தாமரை வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். இதற்காகத்தான் இரண்டு வாரமாவது தனி அறை என்கிறோம். வாசகியின் குடும்பம் ஏற்கெனவே இரண்டையும் ஒன்றாக விட்டிருப்பதால், மீனுவின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப்போவது நல்லது.

குட்டிக்கு முத்தடுப்பு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரமோ அதற்குப் பிறகோ வருமாறு பார்த்துக்கொள்வார்கள். வெறிநோய் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. அதற்குள் குட்டி மகளைக் கடித்தாலோ ரத்தம் வருமாறு பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். "குட்டிதானே" என்று விடுகிற வழக்கம் இங்கே அதிகம்.

கடையில் நாய்க்கு விற்கும் உண்ணிப் பவுடரைக் குட்டி மேல் தூவவே கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரை வாங்கும். தரை துடைக்கும் பினாயிலும் டெட்டாலும் அப்படித்தான். அவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்த பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகிறது. நம்மூரில் பூனை வளர்க்கிற வீடுகளில் முதலில் அப்புறப்படுத்த வேண்டிய புட்டி பினாயில்தான்.

அறைக்கு வருவோம். இரண்டு படுக்கையறை கொண்ட வீடானால் ஒன்றைக் குட்டிக்கு ஒதுக்கலாம். மீனு தினமும் தூங்குகிற அறையாக அது இருக்கக் கூடாது. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், பழைய புடவை விரித்த அட்டைப்பெட்டி ஒன்று பக்கவாட்டில் கவிழ்த்து. இவ்வளவுதான் தேவை. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரர்கள் பால்கனியை நினைக்காமல், மீட்புக் குழுவினர் பயன்படுத்தும் பெரிய மடக்குக் கூண்டு ஒன்றை வாங்கி, மூன்று பக்கம் துணி போர்த்தி மூலையில் வைக்கலாம். கைகழுவாமல் அங்கிருந்து வந்து மீனுவைத் தொடக் கூடாது. நோயும் பரவும், வாசனையும் கூடிவிடும்.

வாசனைதான் இந்த விவகாரத்தில் ஆதார் அட்டை. ஒரு பூனை இன்னொன்றை முதலில் அறிவது மூக்கால். கன்னத்தில் உள்ள சுரப்பிகளை நாற்காலிக் காலிலும் நம் காலிலும் தேய்த்துத் தன் முத்திரையைப் பதித்துக்கொண்டே திரிகிறது மீனு. அவள் மனதில் வீடு என்பது அந்த முத்திரை விழுந்த இடங்களின் தொகுப்பு. அதற்குள் முத்திரை இல்லாத ஓர் உருவம் திடீரென்று குதித்ததால்தான் அறை விழுந்தது.

ஆகவே குட்டிக்கு முன்னால் குட்டியின் வாசனை வரட்டும். சுத்தமான பருத்திக் காலுறையை எடுத்துக் குட்டியின் கன்னத்திலும் தாடையிலும் மெல்லத் தடவி, ஹாலில் மீனு போய் வருகிற வழியில் போட்டுவிட வேண்டும். அவள் மூக்கருகே நீட்டக் கூடாது. முகர்ந்து பார்த்துவிட்டு வாயைப் பாதி திறந்து முகத்தைச் சுளித்தால் அருவருப்பு என்று நினைக்க வேண்டாம். மேலண்ணத்தில் இருக்கும் தனி உறுப்புக்கு அந்த வாசனையை ஏற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவே. சீறினால் காலுறையைத் தள்ளிப் போட்டு, அதற்கு நாலடி தூரத்தில் அவளுக்குப் பிடித்த தீனி இரண்டு வைக்கலாம். மீனுவின் கன்னம் தடவிய துணி குட்டியின் அறைக்கும் போகட்டும். துணியைத் தாண்டிச் சும்மா நடந்து போகிறாள் என்றால் ஒரு படி ஏறியாயிற்று. அதன்பின் இடம் மாற்றிப் பார்க்கலாம். மீனுவைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, குட்டியை அரை மணி நேரம் ஹாலில் உலவ விடுவது. மீனு வெளியே வரும்போது சோபா, பாய், பீரோ அடி எல்லாம் முகர்ந்து கணக்கெடுப்பாள். எடுக்கட்டும்.

அடுத்தது சாப்பாடு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் மீனுவின் கிண்ணம், அந்தப் பக்கம் குட்டியின் கிண்ணம். முதல் நாள் ஆறேழு அடி தள்ளி. நிதானமாகச் சாப்பிட்டால் மறுவேளை அரையடி கிட்டே. இதற்கு வேளைச் சாப்பாடு அவசியம். கிண்ணம் நிறைய உலர் தீனியை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிற வீட்டில் இந்த உத்தி எடுபடாது. அவித்த கோழித்துண்டு, உப்பில்லாமல் வேக வைத்த மத்தி போன்றவற்றை மற்ற நேரத்தில் கண்ணிலேயே காட்டாமல், கதவருகே மட்டும் கொடுக்க வேண்டும். அந்த வாசனை அடித்தால் நல்லது நடக்கும் என்று மீனு கணக்குப் போட்டுக்கொள்வாள். சாப்பிடாமல் கதவையே உற்றுப் பார்த்தால் கிண்ணம் மறுபடி பின்னால் போக வேண்டும்.

பார்வைக்கு வரும்போது நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேல்நாட்டுப் பூனைப் புத்தகங்கள் இதற்கென்று தடுப்புக்கதவு வாங்கச் சொல்லும். இங்கே பல வீடுகளில் கொசுவலைக் கதவு தயாராக இருக்கிறது. வலைக் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, சாப்பிடும் நேரத்தில் மட்டும் நான்கு விரல் உயர்த்த வேண்டும். முதலில் பாதம் தெரியும், பிறகு வால், பிறகு முகம். நைலான் வலையானால் கிழியும். கம்பி வலை நல்லது.

இந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர்கள் ஏமாறுவது சத்தத்தில். உறுமலைக் கண்டு பயப்படுவார்கள். அசையாமல் உற்றுப் பார்ப்பதை, "பாருங்கள், எவ்வளவு அமைதியாகப் பார்க்கிறாள்" என்று மெச்சுவார்கள். உள்ளபடி ஆபத்தானது இரண்டாவதுதான். உடம்பு விறைத்து, காது பக்கவாட்டில் திரும்பி, வால் நுனி மட்டும் துடிக்க, கண் இமைக்காமல் பார்த்தால் அடுத்த நொடி பாய்ச்சல். அப்போது ஓர் அட்டையை நடுவில் செருகிப் பார்வையை மறைக்க வேண்டும். கையை நீட்டவோ மீனுவைத் தூக்கவோ கூடாது; குட்டி மேல் போக வேண்டிய கோபம் தூக்கியவர் மேல் இறங்கிவிடும். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி விடுவது, பாதத்தை நக்கிக்கொள்வது, கண்ணை மெல்ல மூடித் திறப்பது ஆகியவை நல்ல அறிகுறிகள். மனிதர் அப்படிக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்குச் செய்கிறது, கிட்டே வரவும் துணிகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். மாமியார் உட்பட வீட்டில் எல்லோரும் முயன்று பார்க்கலாம். செலவில்லை.

வலைக்கு இரு புறமும் இரண்டும் சாதாரணமாகச் சாப்பிட்டால் கதவைத் திறக்கலாம். அதற்கு முன் குட்டியை இறகு கட்டிய குச்சியால் நன்றாக விளையாட வைத்துக் களைப்பாக்கிவிட வேண்டும். பெரியவர் இருவர், பூனைக்கு ஒருவராக. முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுவது முக்கியம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நீட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ரகளை நடக்கும். யாரும் பார்க்காத நேரத்திலும் இரவிலும் கதவு சாத்தியே இருக்கட்டும்.

எத்தனை நாள் ஆகும் என்பதை மீனுதான் சொல்ல வேண்டும். சில வீடுகளில் இரண்டு வாரம், பல வீடுகளில் இன்னும் சில வாரம், சிலவற்றில் மாதக்கணக்கு. குட்டி இரண்டே நாளில் தயாராகிவிடும், அதன் வயது அப்படி. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான பருவத்தில் எதைக் கண்டாலும் குட்டி எளிதில் பழகும். வாசகியின் குட்டி அந்த வாசலை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. ஏழு வயது மீனுவுக்கு அந்த வாசல் எப்போதோ சாத்தியாயிற்று. இருவரில் மெதுவானவரின் வேகம்தான் இந்த வேலையின் வேகம்.

ஒன்றாக விட்ட பிறகும் வீட்டின் ஏற்பாடு முக்கியம். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வாசலில் ஒன்று உட்கார்ந்தால் மற்றதற்கு எல்லாத் தட்டும் போச்சு. வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். சின்ன வீடானால் இரண்டு தட்டாவது இரு வேறு அறைகளில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணமும் அப்படியே. பீரோ மேலே ஒரு துணி விரித்து அதை மீனுவின் நிரந்தர இருப்பிடமாக்கிவிடலாம். குட்டியால் இப்போதைக்கு அங்கே ஏற முடியாது. குட்டியின் துள்ளலைத் தீர்க்க வேண்டியது மகளின் பொறுப்பு. தினம் மூன்று வேளை விளையாட்டுக் காட்டாவிட்டால் அது மீனுவின் வாலைத் தேடிப் போகும். மீனுவுக்கு முன்பு கிடைத்த எதுவும் குறையக் கூடாது. சாயங்காலம் மடியில் அரை மணி நேரம் என்றிருந்தால் அது தொடரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் தேவை. சாப்பாடு பாதியாகிவிட்டது என்கிறார் வாசகி. மீனு ஒரு நாள் முழுக்க எதுவும் தொடாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம். "கோபம் தணிந்தால் சாப்பிடுவாள்" என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: புதுக் குட்டி வந்ததிலிருந்து எங்கள் ஆண் பூனை சோபாவில் சிறுநீர் கழிக்கிறான். நேற்று முழுக்கத் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலா? பழிவாங்குகிறானா? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததுமே பதில் தனியாகத் தெரிவிக்கப்பட்டது. மற்ற வாசகர்களுக்காகத் திரும்ப ஒருமுறை: ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்கி, சொட்டு சொட்டாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுந்தால், சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இரவானாலும் ஞாயிறானாலும் உடனே கிளம்ப வேண்டும். ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

பூனைக்கு வருகிற சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பகுதிக்குக் கிருமியே காரணம் இல்லை. மன அழுத்தம் பெரும் பங்கு வகிக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதை நிலைநாட்டினார். வீட்டுச் சூழலைச் சீராக்குவதையே சிகிச்சையாகச் சேர்த்தார். புதுக் குட்டியின் வரவு அப்படிப்பட்ட ஓர் அழுத்தம்தான்.

நின்றபடி, வாலை உயர்த்தி நடுக்கி, சுவரிலோ திரையிலோ பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆணிடம் சகஜம். செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உட்கார்ந்து சோபாவில் போனால் நோய், அழுக்குத் தட்டு, இல்லை தட்டுக்குப் போகிற வழியில் குட்டி. சோபாவை என்சைம் கலந்த கரைநீக்கியால் கழுவ வேண்டும். அம்மோனியா உள்ள திரவத்தால் துடைத்தால் சிறுநீர் வாடையே மிஞ்சி, மறுபடி அங்கேயே வந்து நிற்பான்.

கேள்வி: இரண்டும் கட்டிப் புரளுகின்றன. விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மதுரை வாசகி)

பதில்: காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். ஒருமுறை இது மேலே, மறுமுறை அது மேலே. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும். நகம் உள்ளே இருக்கும். ஸ்லோவாக்கிய, இங்கிலாந்து ஆய்வாளர்கள் பூனை வீடியோக்களை அலசி 2023-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. மாறி மாறிப் புரள்வது விளையாட்டின் பக்கம், கத்தலும் துரத்தலும் சண்டையின் பக்கம். இரண்டுக்கும் நடுவே, விளையாட்டாகத் தொடங்கி ஒன்று சலித்துப்போகிற மூன்றாவது வகையும் உண்டு என்றார்கள். மூத்த பூனையும் குட்டியும் உள்ள வீட்டில் அடிக்கடி பார்க்கக் கூடியது அந்த மூன்றாவதுதான். எப்போதும் ஒன்றே ஓடுகிறது, ஒன்றே துரத்துகிறது, தரையில் ரோமக் கொத்து கிடக்கிறது என்றால் பிரித்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு குட்டிக்கு இரண்டாக எடுத்தால் மூத்த பூனைக்குத் தொல்லை இரட்டிப்பாகுமா? (திருச்சி வாசகர்)

பதில்: எதிர்பார்ப்பதற்கு மாறாக, பெரும்பாலும் குறையும். கூடப்பிறந்த குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று கடித்துப் புரண்டு களைத்துவிடும். மூத்தது நிம்மதியாகத் தூங்கும். பத்து வயது தாண்டிய, மூட்டுவலி உள்ள பூனை இருக்கிற வீட்டில் இது இன்னும் பொருந்தும். ஆனால் தீனி, ஊசி, கருத்தடை எல்லாம் இரண்டு மடங்கு என்பதை முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். கருத்தடையைத் தள்ளிப்போடவும் கூடாது. பெண் குட்டி நாலு மாதத்திலேயே சூல்கொள்ளக் கூடும். அண்ணன் தங்கை என்ற உறவெல்லாம் பூனைக்கு இல்லை. சூல் ஒன்பது வாரம்தான். கணக்கு அதன்பின் வீட்டுக்காரர் கையில் இல்லை.

கேள்வி: சுவரில் செருகினால் பூனைகள் சமாதானமாகிவிடும் என்று ஒரு கருவி ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: அவற்றில் இருப்பது பூனையின் கன்னச் சுரப்பியிலோ பாலூட்டும் தாயிடமோ சுரக்கும் வேதிப்பொருளின் செயற்கை வடிவம். பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பாத்ரிக் பஜோவின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தீங்கில்லை. தனி அறை, மூன்று தட்டு, வேளைச் சாப்பாடு எல்லாம் செய்த பிறகு காசு மிச்சமிருந்தால் வாங்கலாம். அவற்றுக்குப் பதிலாக என்றால் வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழேயோ சோபாவுக்குப் பின்னாலோ செருகினால் பயனில்லை.

கேள்வி: ஓராண்டாக எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். மூத்தது பெரும்பாலும் பரணிலேயே இருக்கிறது. இறங்கினால் சண்டை, ரத்தம். இளையதை நல்ல இடத்தில் கொடுத்துவிடுவது பாவமா? (தஞ்சை வாசகர்)

பதில்: பாவம் இல்லை. பரணில் ஓராண்டு வாழ்வதுதான் அந்த மூத்த பூனைக்கு நடக்கிற அநியாயம். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் பூனைகளுக்கிடையிலான பகைமை பற்றியே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வெளிப்படையான சண்டையைவிட, வழிமறிப்பதும் உற்றுப் பார்ப்பதுமாகச் சத்தமின்றி நடக்கும் கெடுபிடியைத்தான் வீட்டுக்காரர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று அது எச்சரிக்கிறது. முதலில் இரண்டையும் மருத்துவரிடம் காட்டி, பல்வலியோ மூட்டுவலியோ தைராய்டோ கோபத்துக்குக் காரணமா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு ஒரு மாதம் முழுதாகப் பிரித்து வைத்து, மேலே சொன்ன அறிமுகத்தை ஒருமுறை ஒழுங்காகச் செய்து பார்க்கலாம். அப்போதும் ரத்தம் வந்தால், கதவு நடுவில் இருக்க இரண்டு பகுதியாக வீட்டை நடத்துவது, இல்லை நம்பிக்கையான வேறொரு வீடு. ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு படுக்க வேண்டும் என்ற அவசியம் எந்த வீட்டிலும் இல்லை. ஒரே அறையில் இரண்டு மூலையில் இரண்டும் நிம்மதியாகத் தூங்கினாலே அறிமுகம் வெற்றிதான். அதுவும் நடக்காத வீட்டில் பிரிவதே சரி. தெருவில் கொண்டுபோய் விடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

கேள்வி அனுப்புகிறவர்கள் பூனைகளின் வயது, கருத்தடை ஆயிற்றா, என்னென்ன ஊசி போட்டிருக்கிறது, வீட்டில் எத்தனை மணல் தட்டு, அவை எங்கெங்கே என்பதையும் எழுதுங்கள். சிறுநீர் வரவில்லை, ஒரு நாளாகச் சாப்பிடவில்லை, குட்டிக்கு வாந்தி பேதி என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.